பிரேக்கை மிதித்தபடியே நிற்கும் கால்

வாசகர் கேள்வி:

எனக்கு 36 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டைலராக இருந்தேன். பதினான்கு மாதத்துக்கு முன் பைக்கில் வரும்போது லாரி மோதி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு முகாமில் இலவசமாகச் செயற்கைக் கால் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் நான் ஒரு நாள்கூட அழவில்லை, கால் வந்த பிறகுதான் அழுகிறேன். ராத்திரியில் இல்லாத பாதம் வலிக்கிறது. பிரேக்கை அழுத்தி மிதித்த மாதிரியே இருக்கிறது, கட்டை விரல் மடங்கிக்கொண்டு விரிய மாட்டேன் என்கிறது. மனைவியிடம் சொன்னேன், மாமியார் மந்திரிக்கலாம் என்றார். எனக்குப் புத்தி பேதலிக்கிறதா? கம்பெனிக்கு ஒரு நாள் போனேன், மிஷின் காலுக்கு அடங்கவில்லை, திரும்பி வந்துவிட்டேன். செக்கிங் வேலை தருகிறோம் என்கிறார்கள். கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டேன். பெண்ணுக்கு ஏழு வயது, அவள் தூங்கின பிறகுதான் காலைக் கழற்றுகிறேன். எல்லாரும் "அதான் கால் வந்துடுச்சே, இன்னும் என்ன?" என்கிறார்கள். எனக்கும் அதே கேள்விதான். சில ராத்திரி குடித்துவிட்டுப் படுக்கும்போது அந்த லாரி முழுசாகவே ஏறியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்:

தம்பி, நான் உங்களைவிட ரொம்ப வயது மூத்தவள், கை கால் இழந்தவர்களோடு இருபது வருடமாக வேலை செய்யும் உளவியலாளர், அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். கடிதத்தில் பெரிய விஷயத்தைக் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். என் அறையிலும் எழுந்து கதவுப் பக்கம் போன பிறகுதான் திரும்பி நின்று அதைச் சொல்வார்கள். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

லாரி முழுசாக ஏறியிருக்கலாம் என்று தோன்றுவது பாவமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. கால் இழந்தவர்களில் நிறையப் பேருக்கு வரும் நினைப்புதான். ஆனால் வந்துவிட்டுப் போகட்டும் என்று விடக்கூடிய நினைப்பு இல்லை. 'ஏறியிருக்கலாம்' என்பது என்றைக்காவது 'நானே ஏதாவது செய்துகொள்ளலாம்' என்று மாறினால், எப்படி, எதை வைத்து என்று மனது கணக்குப் போட ஆரம்பித்தால், அந்த ராத்திரியே மனைவியை எழுப்பிச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். அந்த அளவுக்குப் போகவில்லை என்றாலும் 14416க்கு ஒரு போன் போடுங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022ல் தொடங்கிய சேவை, காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104ம் இருக்கிறது. அப்புறம் குடி. நான் குடிக்காதே என்று பிரசங்கம் செய்கிறவள் இல்லை. ஆனால் இந்த நினைப்பும் குவார்ட்டரும் ஒரே ராத்திரியில் சேரக் கூடாது, ஏனென்றால் நினைப்புக்கும் செய்கைக்கும் நடுவே இருக்கிற வேலியைத்தான் சாராயம் முதலில் பிடுங்கும். உங்கள் எழுத்திலேயே பாருங்கள், அந்த நினைப்பு வருவது குடித்த ராத்திரிகளில்தான்.

மனைவிக்குத் தெரியட்டும். "சாகணும் போல இருக்கு" என்று சொல்ல வாய் வரவில்லை என்றால் "ராத்திரியில எனக்கு மோசமான யோசனை வருது, தனியா விட்டுடாதே" என்று சொன்னால்கூடப் போதும்.

சரி, இப்போது நீங்கள் கேட்ட கேள்வி. கால் வந்த பிறகு ஏன் அழுகை?

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் எடுத்துக்கொண்டு ஊரே வந்திருக்கும். அதில் ஒருத்தராவது "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று சொல்லியிருப்பார், சொல்லாமல் இருக்க மாட்டார்கள். காலைத் தலைப்பாகை என்று சொல்கிறார்களே என்று உங்களுக்குக் கோபம்கூட வந்திருக்காது, அவ்வளவு மரத்துப் போயிருப்பீர்கள். உயிர் பிழைக்கிற வேலையில் உடம்பு இருக்கும்போது மனது தன் கணக்கைத் திறக்காது. புண் ஆறணும், தையல் பிரிக்கணும், வாக்கர் பிடித்து நிற்கணும், அப்புறம் கால் வரணும் என்று வரிசையாக ஏதோ ஒன்று காத்திருந்தது. எல்லாம் முடிந்து அந்தக் கால் கையில் கிடைத்து, மாட்டி, எழுந்து நின்றபோதுதான், இது நாம் எதிர்பார்த்த கால் இல்லை, அந்தக் கால் இனி வரப்போவதில்லை என்று தெரிந்தது. ஒன்பது மாதமாக ஒத்திவைத்த துக்கம் அன்றைக்குத்தான் வீட்டுக்குள் வந்தது. உங்களைச் சுற்றி இருப்பவர்களுக்கோ அதே நாள்தான் கதை சுபமாக முடிந்த நாள். அவர்கள் கையைத் தட்டிவிட்டு எழுந்து போகும்போது நீங்கள் அழ உட்கார்ந்தீர்கள், அதனால்தான் உங்களுக்கே அது தப்பாகத் தெரிகிறது. நான் பார்த்தவர்களில் பாதிப் பேராவது இப்படித்தான், கால் வந்த பிறகுதான் உடைவார்கள்.

கால் கை இழந்தவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்வது, உறுப்பு போன பிறகு சுமார் இரண்டு வருடம் வரைக்கும் மனச்சோர்வும் பதற்றமும் மற்ற ஜனங்களைவிட அதிகமாக இருக்கும், அப்புறம் பொதுவாக மெல்ல இறங்கும் என்று. நீங்கள் பதினான்காவது மாதத்தில் இருக்கிறீர்கள். அதற்காகப் பத்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். துக்கம் அலை மாதிரி வரும், போகும், நடுவில் பெண் ஏதாவது சொன்னால் சிரிப்பும் வரும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஒட்டாமல், சாப்பாடு இறங்காமல், விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, நான் வீட்டுக்குப் பாரம் என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தால் அது மனச்சோர்வு நோய். அதற்கு மருந்தும் பேச்சு சிகிச்சையும் இருக்கின்றன. மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. உங்கள் கடைசி வரியை வைத்துப் பார்த்தால் நீங்கள் அங்கே போக வேண்டியவர்தான், இந்த வாரமே.

இனி அந்த இல்லாத பாதம். புத்தி பேதலிக்கவில்லை தம்பி, மந்திரிக்கவும் வேண்டாம். கால் கை எடுத்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது உண்டு. பிரான்ஸ் நாட்டில் படைவீரர்களுக்கு அறுவை செய்த ஆம்ப்ருவாஸ் பாரே என்பவர் 16ம் நூற்றாண்டிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கால் போன சிப்பாய்களைப் பார்த்த வெயர் மிட்செல் என்ற மருத்துவர் 1871ல் இதற்கு 'ஃபாண்டம் லிம்ப்' என்று பெயர் வைத்தார், ஆவி உறுப்பு என்று அர்த்தம். உங்கள் மாமியார் பேயை நினைத்ததில் தப்பில்லை, டாக்டரே பேய் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்.

நடப்பது என்னவென்றால், உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் மூளையில் ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறது. பாதம் போனாலும் பாதத்துக்கான இடம் அங்கேயே இருக்கிறது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்களே, அது உங்கள் விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து உண்மை, ஏனென்றால் கால் போன பிறகும் காலை ஆட்டிய மூளை சும்மா இருக்கவில்லை. 'விரலை விரி' என்று உத்தரவு போடுகிறது, 'விரித்துவிட்டேன்' என்று பதில் வரவில்லை, திரும்பவும் போடுகிறது, இன்னும் பலமாக. அடிபட்ட நொடியில் கால் எப்படி இருந்ததோ அப்படியே உறைந்துவிட்டதாகச் சொல்பவர்களும் உண்டு. உங்கள் வலது கால் கடைசியாகச் செய்த வேலை பைக்கின் பின் பிரேக்கை மிதித்தது. மூளைக்கு அது இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான்.

இதற்குக் கண்ணாடியை வைத்து ஒரு வழி கண்டுபிடித்தவர் நம்மூர்க்காரர். வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், பிறகு அமெரிக்காவில் ஆய்வு செய்தவர், 1990களில் சாதாரண ஒரு கண்ணாடியை வைத்து இதைச் செய்து காட்டினார். பிறகு 2007ல் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் கால் இழந்த 22 பேரை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். தினமும் 15 நிமிடம், நான்கு வாரம். ஒரு குழுவுக்குக் கண்ணாடி, ஒரு குழுவுக்குத் துணி போட்டு மூடிய கண்ணாடி, ஒரு குழு கண்ணை மூடிக்கொண்டு காலை அசைப்பதாகக் கற்பனை மட்டும். கண்ணாடியைப் பார்த்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது, மற்ற குழுக்களில் அப்படிக் குறையவில்லை, சிலருக்கு ஏறவே செய்தது. சின்ன ஆய்வுதான், எல்லாருக்கும் கேட்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், பின்னால் வந்த ஆய்வுகளிலும் கலவையான முடிவுகள் உண்டு. ஆனால் இதில் செலவு என்று பார்த்தால் கண்ணாடிக் கடையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டி வாங்குகிற காசுதான், முயற்சி செய்யாமல் விடுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

செயற்கைக் காலைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். இரண்டு காலுக்கும் நடுவே கண்ணாடியை நீளவாக்கில் நிறுத்துங்கள், பளபளப்பான பக்கம் இடது காலைப் பார்த்தபடி இருக்கணும், வலது பக்கம் மறைந்திருக்கணும். கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்ந்து கண்ணாடிக்குள் பார்த்தால் இரண்டு காலும் இருப்பது போலத் தெரியும். இடது பாதத்தை மெல்ல அழுத்துங்கள், பிரேக்கை மிதிப்பது போலவே. அப்புறம் மெல்ல எடுங்கள். விரலை மடக்குங்கள், விரியுங்கள், கூடவே இல்லாத விரலையும் மனதால் விரியுங்கள். முதல் தடவை அந்தக் காலைப் பார்த்ததும் அழுகை வரலாம், தலை சுற்றலாம், வந்தால் நிறுத்திவிட்டு மறுநாள் ஐந்து நிமிடம். ரொம்பத் தொந்தரவாக இருந்தால் ஒரு பிசியோதெரபிஸ்ட்டை வைத்துக்கொண்டு செய்யுங்கள். இது கேட்கவில்லை என்றால் நரம்பு வலிக்கான மாத்திரைகள் இருக்கின்றன. அமிட்ரிப்டிலின், காபாபென்டின், பிரிகாபலின் என்று பெயர்கள் காதில் விழும், மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு வாங்காமல் டாக்டரிடம் போய் எழுதி வாங்குங்கள், குடியோடு சேர்ந்தால் இவை ஆபத்து. இன்னொன்று, மிச்சக் காலில், அதாவது ஸ்டம்பில், ஒரே ஒரு இடத்தைத் தொட்டால் கரண்ட் அடித்தது போல வலி பாய்கிறதா என்றும் அழுத்திப் பாருங்கள். வெட்டுப்பட்ட நரம்பு நுனி முடிச்சு மாதிரி வளர்ந்திருக்கலாம், அது வேறு வலி, அதற்கு வைத்தியமும் வேறு.

ராத்திரி பாத்ரூம் போகும்போது ஜாக்கிரதை. தூக்கக் கலக்கத்தில் கால் இருப்பதாகவே நினைத்து ஊன்றி விழுந்தவர்கள் ஏராளம். கட்டிலின் வலது பக்கம் ஒரு ஊன்றுகோல் கைக்கு எட்டுகிற இடத்தில் சாத்தி வைத்தால் போதும், அந்தப் பக்கம் எழும்போதே அது ஞாபகப்படுத்தும்.

இப்போது அந்தச் செயற்கைக் காலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மனநல ஆலோசனை கேட்டால் இந்தம்மா காலைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள், என்னிடம் மனசு சரியில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முதலில் சரியில்லாதது சாக்கெட்தான், அதாவது செயற்கைக் காலில் ஸ்டம்ப் உள்ளே நுழைகிற கிண்ணம். அறுவை முடிந்த முதல் வருடம், ஒன்றரை வருடம் ஸ்டம்ப் சுருங்கிக்கொண்டே வரும். ஐந்து மாதத்துக்கு முன் அளவெடுத்த சாக்கெட் இப்போது லொடலொடவென்று இருக்கும், காலையில் சரியாக இருந்தாலும் சாயங்காலம் உள்ளே இறங்கி எலும்பு முனை இடிக்கும், ஆடும், அதோடு நம்மூர் வெயிலில் லைனருக்குள், அதாவது ஸ்டம்புக்குப் போடும் உறைக்குள், வேர்வை தேங்கிப் புண்ணாகும். ஒவ்வொரு அடியும் இடித்தால் யாருக்கு வெளியே போகத் தோன்றும்? வலி தாங்காமல் வீட்டில் உட்கார்ந்தால், மனசு உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறான் என்பார்கள். கொஞ்ச நாளில் அதை அவரே நம்பிவிடுவார்.

முகாமில் கொடுத்த கால் என்றால் இன்னொரு சிக்கல். மேடை, சால்வை, போட்டோ எல்லாம் போட்டுக் கொடுத்ததைச் சரியில்லை என்று எப்படிச் சொல்வது என்ற கூச்சம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று வளர்ந்தவர்கள் நாம். மாட்டை வேண்டுமானால் விட்டுவிடுங்கள், காலைப் பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆகணும். சாக்கெட்டைத் திரும்பச் செய்வது தோல்வியோ நன்றிகெட்டதனமோ இல்லை, எல்லாருக்கும் நடக்க வேண்டியது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறது. பக்கத்தில் எங்கே செய்துகொள்ளலாம் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். வேலூரைப் பற்றிச் சும்மா ஒரு தகவல். அந்தப் பிரிவை உருவாக்கிய மேரி வர்கீஸ் 1954ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை செய்த டாக்டர். நீங்களும் அப்படிச் சாதிக்கணும் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த வலியைத் தானே பட்டவர் கட்டிய இடம், போனால் உங்கள் பேச்சு அங்கே புரியும், அதற்காகச் சொன்னேன்.

சாதனை என்றதும் ஞாபகம் வருகிறது. உங்களிடம் இதுவரை எத்தனை பேர் "சுதா சந்திரன் டான்ஸே ஆடினாங்க" என்று சொல்லியிருப்பார்கள்? ஆடினார்தான். 1981ல் தமிழ்நாட்டில் நடந்த பஸ் விபத்தில் கால் போய், ஜெய்ப்பூர் கால் மாட்டிக்கொண்டு 1984ல் மேடை ஏறினார். அந்த நடுவில் இருக்கிற மூன்று வருடத்தை உதாரணம் சொல்கிறவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். அதே சுதா சந்திரன் 2021ல், விபத்து நடந்து நாற்பது வருடம் கழித்து, விமான நிலையத்தில் ஒவ்வொரு தடவையும் காலைக் கழற்றச் சொல்கிறார்கள், மனசு வலிக்கிறது என்று பிரதமருக்கு வீடியோ போட்டார், பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. டான்ஸ் ஆடியவருக்கும் அடுத்தவர் முன்னால் காலைக் கழற்றுவது நாற்பது வருடம் கழித்தும் வலிக்கிறது. உங்களுக்கு ஐந்து மாதம்தானே ஆகிறது.

கோயில் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான், ஆனால் அதில் பாதி உங்கள் மனசு இல்லை, இயந்திரக் கணக்கு. பல செயற்கைப் பாதங்களைச் செருப்பு அல்லது ஷூவின் குதி உயரத்துக்குச் சரியாக வரும்படி பொருத்துவார்கள். செருப்பைக் கழற்றினால் குதிகால் தாழ்ந்துபோய் உடம்பு பின்னால் தள்ளும், முழங்கால் பின்பக்கம் வளைவது போல இருக்கும், விழுந்துவிடுவோம் என்ற பயம் வரும். பயம் வந்த இடத்துக்கு மறுபடி போக மாட்டோம், அப்புறம் நமக்கு சாமி மேலேயே விருப்பம் விட்டுப்போச்சு என்று அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிப்போம். ஜெய்ப்பூர் காலை 1968ல் ராம் சந்தர் சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற டாக்டரும் உருவாக்கியதே இதற்காகத்தான், வெறும் காலில் நடக்கவும், குந்தவும், சம்மணம் போட்டு உட்காரவும் வேண்டிய ஜனங்களுக்கு வெளிநாட்டுப் பாதம் ஒத்துவரவில்லை. உங்களுக்குக் கொடுத்தது எந்தப் பாதம் என்று கேளுங்கள். வெறும் காலில் நடக்கணும், கோயிலுக்குப் போகணும் என்று டெக்னீஷியனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது. கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானம் போல, சின்னக் கோயிலாகப் பார்த்து, மனைவியோடு முதலில் ஒரு தடவை போய் வாருங்கள். பெரும்பாலான கோயில்களில் வேட்டிதான் கட்டணும் என்று இல்லை, காலை மறைக்கும் பேண்ட்டே போதும்.

வேலை. இதை எழுதும்போது நான் கொஞ்சம் நிதானித்தேன், ஏனென்றால் உங்கள் துக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தையலைப் பார்க்கிறவர்கள் கை தைக்கிறது என்று நினைப்பார்கள். கை துணியைக் காட்டத்தான் செய்கிறது, தைப்பது கால். முன்பாதத்தை எவ்வளவு அழுத்தினால் எத்தனை தையல் ஓடும், வளைவு வரும்போது எங்கே தளர்த்தணும், குதிகாலை எப்போது பின்னால் தள்ளணும் என்பதெல்லாம் உங்கள் வலது பாதத்துக்கு, உங்களைக் கேட்காமலே தெரிந்திருந்தது. பீஸ் ரேட்டில் சம்பாதித்த பாதம் அது. நடக்கிற காலை முகாமில் கொடுத்துவிடலாம், தைக்கிற காலைக் கொடுக்க முடியாது, அந்தப் பாதத்தில் தோலும் இல்லை, கணுக்காலில் தசையும் இல்லை. அன்றைக்குக் கம்பெனியில் ஊசி தறிகெட்டு ஓடினபோது உங்களுக்குப் போனது மானம் மட்டும் இல்லை, இருபது வயதிலிருந்து சேர்த்து வைத்த கைத்திறன், இல்லை, கால்திறன். அதற்கு அழாமல் வேறு எதற்கு அழுவது?

ஆனால் அன்றைக்கு நீங்கள் செயற்கைக் காலால் மிதித்திருக்கிறீர்கள். இடது காலால் மிதியுங்கள். கம்பெனி மிஷின்களில் நிறைய மாடல்களுக்கு மிதி அகலமானது, இடது காலுக்கும் எட்டும். ஊசிக்கடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாகத்தை முழங்காலால் தள்ளித் தூக்கும் கம்பி உள்ள மிஷின் என்றால் அதற்கு உங்கள் சொந்த வலது முழங்கால் இருக்கிறது. முழங்கால் தப்பியது எவ்வளவு பெரிய விஷயம் என்று முழங்காலுக்கு மேலே இழந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இடது கால் பழகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், முதல் பத்து நாள் கேவலமாகத்தான் இருக்கும், கற்றுக்குட்டிப் பையன்கள் முன்னால் தப்புத் தையல் போடுவதைவிட வீட்டிலோ தெரிந்தவர் கடையிலோ வேஸ்ட் துணியில் நேர்கோடு ஓட்டிப் பழகுங்கள். அப்புறம் கம்பெனியில் அரை ஷிஃப்ட் கேளுங்கள், பீஸ் கணக்கைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிட்டு.

செக்கிங் வேலை தருகிறோம் என்பதை நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அது லேசான வேலை என்பது இரண்டு கால் உள்ளவர்களின் நினைப்பு. நாள் முழுக்க மேஜை முன்னால் நிற்கிற வேலை ஸ்டம்புக்கு மிக மோசம், உட்கார்ந்து தைப்பது எவ்வளவோ மேல். இதை நீங்கள் சூப்பர்வைசரிடம் சொல்லலாம், கோபப்படாமல். அரசு வேலையில் இருப்பவருக்கு ஊனம் வந்தால் வேலையை விட்டு எடுக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது, தனியார் கம்பெனிக்கு அந்தப் பிரிவு செல்லாது, அதை மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனாலும் யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை வாங்கி வையுங்கள், ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பல திட்டங்களுக்குத் தகுதி வரும், முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவர்களுக்கு அதைவிட அதிகமாகவே வரும். விபத்து இழப்பீட்டு வழக்கு நடக்கிறது என்றால், சில வருடத்துக்கு ஒரு முறை காலை மாற்றும் செலவையும் சேர்த்துக் கேட்டிருக்கிறாரா என்று வக்கீலிடம் விசாரியுங்கள். அந்தச் செலவைச் சேர்த்துக் கொடுத்த தீர்ப்புகள் உச்ச நீதிமன்றத்திலேயே உண்டு.

பெண்ணைப் பற்றி. அவள் தூங்கின பிறகு கழற்றுகிறீர்கள். அவளுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? ஒளித்து வைக்கிற எதுவும் குழந்தைக்குப் பயங்கரமான ஒன்றாகத்தான் மனதில் வளரும். என்னிடம் வந்த ஒருவர் இரண்டு வருடம் இப்படி ஒளித்தார், கடைசியில் ஒரு நாள் பையன் முன்னால் கழற்றினபோது அவன் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு ராத்திரி குளிருமா?" அவ்வளவுதான், அப்புறம் போய் டிவி பார்த்தான். அவருக்குத்தான் ஒரு மணி நேரம் பேச்சு வரவில்லை. பகலில், வெளிச்சத்தில், சாதாரணமாகக் கழற்றுங்கள். லைனரைக் கழுவிக் காயப்போடுகிற வேலையை அவளிடமே கொடுக்கலாம், ஏழு வயதுக்கு அது பெருமை.

மனைவியைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எழுதாமல் விட்டதை நான் ஊகிக்கிறேன், தப்பாக இருந்தால் மன்னியுங்கள். கால் போன பிறகு நிறையப் பேர் படுக்கையைத் தனியாகப் போட்டுக்கொள்கிறார்கள். அவளுக்கு அருவருப்பாக இருக்கும் என்று இவர் நினைக்க, நம்மேல் விருப்பம் போய்விட்டது என்று அவர் நினைக்க, இரண்டு பேரும் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பார்கள். சிலருக்கு நெருக்கமாக இருக்கும்போது அந்த இல்லாத பாதத்தில் உணர்ச்சி வரும், அதைக் கண்டு மிரண்டு விலகியவர்களும் உண்டு. மூளையில் பாதத்துக்கும் பிறப்புறுப்புக்கும் ஒதுக்கிய இடங்கள் பக்கத்துப் பக்கத்து வீடு என்பதால் அப்படி நடக்கலாம் என்கிறார்கள், பயப்பட ஒன்றும் இல்லை. உங்கள் மனைவியைத் தொடச் சொல்லுங்கள், ஸ்டம்பை. ராத்திரி தேங்காய் எண்ணெய் போட்டு மெல்லத் தேய்த்துவிட்டால் சிலருக்கு அந்த மாய வலியும் குறைகிறது. புண் இருக்கும்போது மட்டும் வேண்டாம்.

லாரி ஏர் பிரேக் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறதா, விபத்து நடந்த ரோட்டைச் சுற்றிப் போகிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மனநல மருத்துவரிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதற்குத் தனி சிகிச்சை இருக்கிறது.

டாக்டர், நான், எல்லாரும் சொல்வதைவிட உங்களுக்கு அதிகம் உதவப்போவது கால் மாட்டி ஐந்து வருடம் ஓட்டிய ஒருவர்தான். கால் செய்யும் இடத்தில் வெளியே ஒரு பெஞ்ச் இருக்கும், அங்கே அரை மணி நேரம் சீக்கிரமே போய் உட்காருங்கள். வேர்வைக்கு என்ன பண்றீங்க, பைக் ஓட்டறீங்களா, சட்டென்று மழை வந்தா என்ன செய்வீங்க என்று அங்கே நடக்கும் பேச்சை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. யாரும் யாரையும் பரிதாபமாகப் பார்க்காத பெஞ்ச் அது.

போகும்போது வழக்கமாகப் போடும் ஷூவையே போட்டுக்கொண்டு போங்கள், அரை டிராயர் ஒன்று பையில் இருக்கட்டும். அதற்கு முன் ஒரு வாரம், சாக்கெட் லொடலொடக்காமல் இருக்க ஸ்டம்புக்குக் காலையில் எத்தனை சாக்ஸ், மத்தியானம் எத்தனை, சாயங்காலம் எத்தனை போட வேண்டியிருந்தது, எத்தனை மணிக்கு இடிக்க ஆரம்பித்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். டெக்னீஷியன் முதலில் அதைத்தான் கேட்பார்.